தண்ணியைத் திட்டாதீங்க பாஸ்!

ஹாஸ்டல் பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டையில சுருண்டு கிடக்கிற முடியைப் பார்த்து, "இது யாரோடது?"ன்னு எவனும் கேட்க மாட்டான். கவனிச்சிருக்கீங்களா? ஏன்னா எல்லாருக்கும் உள்ளுக்குள்ள ஒரே பயம்… அது நம்மளுதா இருந்துட்டா?

ராமநாதபுரம் மாவட்டத்துல எந்த காலேஜ்ல போய்க் கேட்டாலும், இந்தக் கேஸுக்கு ஒரே தீர்ப்புதான். "தண்ணி சரியில்ல மச்சி. உப்புத் தண்ணி. இங்க வந்ததுல இருந்துதான் கொட்டுது!" விசாரணையே கிடையாது. தண்ணி குற்றவாளி. தண்டனை மட்டும் நமக்கு. இருபது லிட்டர் கேன் தண்ணி வாங்கித் தலைக்கு ஊத்துறது, குழாய்ல மாட்டுற ஃபில்டர் வாங்குறது, அதுவும் சரிவரலைன்னா ஐந்நூறு ரூபா எண்ணெய், அப்புறம் ஆயிரம் ரூபா எண்ணெய்!

இந்த வாரம் கேஸை மறுபடி எடுத்து விசாரிப்போம். பாதி பேருக்கு நிம்மதி கிடைக்கும். மீதி பேருக்கு எங்கே போகணும்னு தெரிஞ்சிடும்.

முதல் குற்றவாளி: உப்புத் தண்ணி

நம்ம மாவட்டத்துத் தண்ணி லட்சணம் ஊருக்கே தெரியும். போர் போட்டா பல இடத்துல உப்புதான். காவிரித் தண்ணி குழாய் வழியா வந்து சேர்ந்ததே பெரிய கதை. அதுவும் குடிக்கிறதுக்கு. குளிக்கிறதுக்கு இன்னும் பல ஹாஸ்டல்கள்ல போர் தண்ணிதான். சோப்பு நுரைக்காது, வாளியில வெள்ளையாப் படியும், தலை காய்ஞ்சா தேங்காய் நார் மாதிரி நிக்கும். ஆக, சந்தேகம் வர்றது நியாயம்தான்.

ஆனா சாட்சி என்ன சொல்லுது? கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவமனை டாக்டர்கள் 2013-ல் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. பெண்கள் கொடுத்த முடியைப் பாதியாப் பிரிச்சு, ஒரு பங்கை கடின நீரிலும் இன்னொரு பங்கைக் காய்ச்சி வடிச்ச நீரிலும் நனைச்சு எடுத்தாங்க. அப்புறம் ரெண்டையும் இழுத்துப் பார்த்தாங்க. நம்ம மெட்டீரியல் டெஸ்டிங் லேப்ல கம்பியை இழுத்துப் பார்ப்போமே, அதே சமாச்சாரம்தான்! வலுவிலும் சரி, நீட்சியிலும் சரி, சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. சில வருஷம் கழிச்சு பாகிஸ்தான்ல ஆண்களோட முடியை வெச்சு நடந்த ஒரு ஆய்வு, வலு கொஞ்சம் குறையுதுன்னு சொல்லுச்சு.

சரி, யார் சொல்றது உண்மை? இங்கதான் பாயின்ட். ரெண்டு ஆய்வுமே வெளியில தெரியிற முடித்தண்டைப் பத்தினது. அந்தத் தண்டு செத்த பொருள். நகம் மாதிரி. அதை வெட்டினா வலிக்காது, ரத்தம் வராது. உயிரோட இருக்கிறது தோலுக்குள்ள இருக்கிற வேர்ப்பைதான். ரெண்டு வாளி தண்ணியை மேல ஊத்தினா அது உள்ளே போய் வேரை உருவி எடுக்காது.

அப்படி உருவும்னா, முதல்ல யாருக்கு வழுக்கை விழணும்? பாம்பன் சின்னப்பாலத்துல மணிக்கணக்கா கடலுக்குள்ள முங்கிப் பாசி எடுக்குற அக்காக்களுக்கும், தங்கச்சிமடத்து மீனவ அண்ணன்களுக்கும்தான். நேர்ல போய்ப் பாருங்க. நம்மளை விட அடர்த்தியா முடி வெச்சிருக்கிற ஆளுங்க அங்க நிறைய!

அப்போ தண்ணி சுத்தமா நிரபராதியா? இல்லை. கடின நீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழ வைக்கும். சிக்கை நாம சீப்பால வெடுக்குனு இழுப்போம். முடி நடுவுல அறுந்துடும். இது 'உடையிறது'. வேரோட வந்தா 'கொட்டுறது'. ரெண்டும் வேற வேற கேஸ்.

கண்டுபிடிக்கிறது ஈஸி. விழுந்த முடியை வெளிச்சத்துல பிடிச்சு ரெண்டு நுனியையும் பாருங்க. ஒரு நுனியில குண்டூசித் தலை மாதிரி குட்டியா வெள்ளைப் புள்ளி இருந்தா, அது வேரோட விழுந்தது. புள்ளியே இல்லாம குட்டை குட்டையா இருந்தா உடைஞ்சது. உடையிற பார்ட்டிகள் கடைசி ஒரு மக்கை மட்டும் நல்ல தண்ணியில அலசி, கொஞ்சம் கண்டிஷனர் போட்டு, பெரிய பல் சீப்பால மெதுவா வாரினாலே பாதிப் பிரச்னை ஓவர்.

ஒரு லட்சத்தை ஆயிரத்தால வகுங்க

"சரி, வெள்ளைப் புள்ளி இருக்கே! அப்போ போச்சா?" அவசரப்படாதீங்க. ஒரு சின்ன கணக்கு போடுவோம். இன்ஜினீயரிங் மூளை சும்மா இருக்குமா?

தலையில சுமாரா 1,00,000 முடி. ஒவ்வொரு முடிக்கும் ஒரு ஆயுசு இருக்கு. 2-ல் இருந்து 6 வருஷம் வரைக்கும் வளரும். மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் ரேஞ்சுல. அப்புறம் ரெண்டு மூணு வாரம் சுருங்கும். அடுத்து சுமாரா மூணு மாசம் ரெஸ்ட். ரெஸ்ட் முடிஞ்சதும் கீழே இருந்து புது முடி முளைக்க, பழசு விழுந்துடும். சராசரியா ஒரு ஆயிரம் நாள் ஆயுசுன்னு வெச்சுக்கோங்க. 1,00,000-ஐ 1,000-ஆல வகுத்தா 100. அதாவது தினமும் 50-ல் இருந்து 100 முடி விழுறது நார்மல். விழாம இருந்தாதான் தப்பு!

அதனால வாரத்துக்கு ஒரு தடவை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறவங்க, அன்னிக்குக் கை நிறைய முடியைப் பார்த்து அலறாதீங்க. அது ஒரு வாரத்துச் சேமிப்பு. இன்னிக்கு மட்டும் விழுந்தது இல்லை.

கவலைப்பட வேண்டிய அறிகுறி வேற. தினமும் விழுற அளவு திடீர்னு ரெண்டு மூணு மடங்கு ஆகி வாரக்கணக்குல நீடிக்கிறது. நெத்தி ஓரம் பின்னாடி போறது. வகிடு அகலமாகறது. தலையில வட்டமா ஒரு இடம் காலியாகறது.

காலண்டரைத் திருப்புங்க

இப்போ நிஜக் குற்றவாளிக்கு வருவோம். மேல சொன்ன கணக்குல ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. கவனிச்சீங்களா? முடி 'ரெஸ்ட்'டுக்குப் போன நாளுக்கும் விழுற நாளுக்கும் நடுவுல ரெண்டு மூணு மாசம் இடைவெளி இருக்கு.

உடம்புக்கு ஒரு பெரிய அடி விழுந்தா… கடுமையான காய்ச்சல், ஆபரேஷன், திடீர்னு எடை குறையறது, பட்டினி டயட், பெரிய மன அதிர்ச்சி… உடம்பு செலவைக் குறைக்கும். உயிர் வாழ முடி அவசியம் இல்லை. அதனால முதல் கட்டிங் முடிக்குத்தான். நிறைய முடி ஒரே நேரத்துல ரெஸ்ட்டுக்குப் போயிடும். அன்னிக்கு எதுவும் தெரியாது. மூணு மாசம் கழிச்சு எல்லாம் சேர்ந்து கொட்டும். டாக்டர்கள் இதை டெலோஜன் எஃப்லூவியம்னு சொல்றாங்க. 2006-ல் சிக்குன்குனியா தமிழ்நாட்டைப் புரட்டிப் போட்டப்பவும், 2020, 2021-ல் கொரோனாவுக்கு அப்புறமும் சீப்பு நிறைய முடி வந்து பயந்தவங்க எத்தனையோ பேர்.

இப்போ முதல் வருஷ ஹாஸ்டல் மாணவரோட காலண்டரைப் பாருங்க. ஆகஸ்ட்ல காலேஜ்ல சேர்றார். அம்மா சமையல் கட். காலை டிபனுக்கு லேட்டாகி அதுவும் கட். நாலு கிலோ இறங்குது. நடுவுல ஒரு வைரல் காய்ச்சல். நவம்பர், டிசம்பர்ல முடி கொட்டுது. திரும்பிப் பார்த்தா, "இந்த ஊருக்கு வந்து மூணு மாசம் ஆச்சு, தண்ணிதான் காரணம்!" மழைக்காலத்துல டெங்கு வந்து படுத்தவருக்கு பிப்ரவரியில கொட்டும். அப்போ காய்ச்சலே மறந்து போயிருக்கும். கண்ணு முன்னாடி இருக்கிறது தண்ணி மட்டும்தான். அதான் அது மாட்டிக்குது!

ஆகவே முடி கொட்டினா முதல் கேள்வி, "இப்போ என்ன பண்றேன்?" இல்லை. "மூணு மாசம் முன்னாடி எனக்கு என்ன ஆச்சு?"

நல்ல செய்தி என்னன்னா, இந்த வகையில வேர் சாகறதில்லை. காரணம் சரியாச்சுன்னா ஆறு மாசம் போல ஆகும்போது கொட்டுறது அடங்கி, மறுபடி முளைச்சிடும். எந்த எண்ணெயும் தேவையில்லை. ஆனா நிறைய பேர் நாலாவது மாசம் ஒரு எண்ணெய் வாங்குவாங்க. ஆறாவது மாசம் தானா நின்னுடும். பேர் எண்ணெய்க்குப் போயிடும். அந்த எண்ணெய்க்கு அவங்களே ஓசியில விளம்பரமும் பண்ணுவாங்க!

புல்டானாவுல நடந்தது

தண்ணி மேல பழி போடுறது நம்ம ஊரு வழக்கம் மட்டும் இல்லை. மகாராஷ்டிராவுல புல்டானா மாவட்டம். 2024 டிசம்பர் கடைசி, 2025 ஜனவரி. ஷேகாவ் பக்கத்து கிராமங்கள்ல திடீர்னு ஆளுங்களுக்குத் தலை அரிக்குது. ரெண்டு மூணு நாள்ல கையோட முடி வருது. ஒரு வாரத்துக்குள்ள மொட்டை. பதினெட்டு கிராமங்கள்ல 279 பேர். அதுல கல்லூரி மாணவர்களும் இளம்பெண்களும் உண்டு. கல்யாணப் பேச்சு நின்னு போனதா, வெளியில தலைகாட்ட முடியாம படிப்பை நிறுத்தினதா செய்திகள் வந்துச்சு.

முதல் சந்தேகம் யார் மேல? கரெக்ட், தண்ணி மேலதான்! மாதிரி எடுத்துச் சோதிச்சாங்க. சில இடத்துல நைட்ரேட்டும் உப்பும் அதிகம்தான். ஆனா அது மட்டும் ஒரே வாரத்துல இப்படி மொட்டையாக்கிடுமா? ஐ.சி.எம்.ஆர். குழு வந்து ரத்தம், உணவுன்னு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போச்சு. இன்னொரு பக்கம் டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் தனியா ஆராய ஆரம்பிச்சார். கொங்கண் பக்கம் தேள்கடிக்கு வைத்தியம் கண்டுபிடிச்சுப் பேர் வாங்கினவர், 2022-ல் பத்மஸ்ரீ வாங்கினவர். அவர் சொன்ன விடை: ரேஷன் கோதுமை! பஞ்சாப், ஹரியானா பக்கத்துல இருந்து வந்த அந்தக் கோதுமையில செலினியம்ங்கிற தாது, உள்ளூர் கோதுமையில இருக்கிறதை விட 600 மடங்கு இருந்ததாகவும், பாதிக்கப்பட்டவங்க ரத்தத்துல செலினியம் எகிறி, துத்தநாகம் இறங்கியிருந்ததாகவும் 2025 பிப்ரவரியில அறிவிச்சார்.

கவனிங்க. செலினியம் ஒரு 'சத்து'. கொஞ்சூண்டு நமக்கு வேணும். அளவு மீறினா அதே சத்து முடியைக் கொட்ட வைக்கும். வைட்டமின் ஏ-வும் அப்படித்தான். "முடி வளர மல்டி-விட்டமின்"னு கண்ணை மூடி மாத்திரையை முழுங்குற ஆசாமிகள் இந்த இடத்தை ரெண்டு தடவை படிக்கவும்.

உங்க கேஸ் எது?

காலண்டரைப் புரட்டியும் விடை கிடைக்கலையா? அப்போ கொட்டுற 'டிசைனை'ப் பாருங்க.

*நெத்தியில எம் வடிவம், உச்சியில சொட்டை:* ஆண்களுக்கு வர்ற பரம்பரை வழுக்கை. டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் டி.எச்.டி.ன்னு ஒண்ணா மாறி, அதுக்கு இடம் கொடுக்கிற வேர்களைக் கொஞ்சம் கொஞ்சமாச் சிறுசாக்கும். 17, 18 வயசுலேயே ஆரம்பிக்கலாம். "தாய்மாமனைப் பாரு, அவர் தலைதான் உன் தலை"ன்னு சொல்வாங்களே, அது பாதி உண்மைதான். முக்கியமான ஒரு ஜீன் அம்மா தர்ற எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. ஆனா இன்னும் பல ஜீன்கள் அப்பா வழியிலும் வருது. மாமாவை மட்டும் முறைக்காதீங்க!

*பெண்களுக்கு வகிடு அகலமாகறது:* இதுவும் பரம்பரை வகையா இருக்கலாம். கூடவே மாதவிடாய் தள்ளிப் போறது, முகத்துல ரோமம், பருன்னு இருந்தா பி.சி.ஓ.எஸ்., தைராய்டு ரெண்டையும் டாக்டர் பார்ப்பார்.

*காசு மாதிரி வட்டமா காலி:* நம்ம ஊர்ல புழுவெட்டுன்னு சொல்வாங்க. எந்தப் புழுவும் வெட்டலை. உடம்போட எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குது. மத்தவங்களுக்குத் தொத்தாது. பல பேருக்குத் தானா முளைக்கும். பரவுச்சுன்னா டாக்டர்கிட்ட ஊசி, மருந்து இருக்கு. வெங்காயச் சாறு தேய்ச்சா சரியாகும்னு சொல்றது இந்த வகைக்குத்தான். 2002-ல் பாக்தாத்ல நடந்த ஒரு சின்ன ஆய்வுல சிலருக்குப் பலன் கிடைச்சது. அதை வெச்சுக்கிட்டு எம் வடிவத்துக்கு வெங்காயம் அரைச்சா ரூம்மேட்தான் ஓடிப் போவார்.

*நெத்தியோரம், காதுக்கு மேல:* டைட்டா போனிடெயில், உச்சியில கொண்டை போடுறவங்களுக்கு. இழுத்து இழுத்தே வேர் தளர்ந்துடும். ஆரம்பத்துல விட்டுட்டா திரும்ப வரும். வருஷக்கணக்கா இழுத்தா வராது.

*அரிப்பு, செதில்:* பொடுகு. நம்ம ஊர் வியர்வைக்கு இது சகஜம். தலையிலேயே வாழுற ஒரு பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைன்னா ரொம்ப இஷ்டம். "பொடுகா? நல்லா எண்ணெய் வை!"ங்கிறது அதுக்கு விருந்து வைக்கிற வேலை. கீட்டோகோனசோல் ஷாம்பூ பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.

கேர்ள்ஸ், இது உங்களுக்கு

தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டுல 15-ல் இருந்து 49 வயசுப் பெண்கள்ல பாதிக்கும் மேல ரத்தசோகை. படி ஏறினா மூச்சு வாங்குது, கிளாஸ்ல எப்பவும் தூக்கம், கூடவே முடி கொட்டுதுன்னா ஷாம்பூவை மாத்தறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் டெஸ்ட் எடுங்க. ஹீமோகுளோபின் கையில இருக்கிற காசு மாதிரி, ஃபெரிட்டின் பேங்க்ல இருக்கிற சேமிப்பு மாதிரி. கையில காசு இருந்தும் பேங்க் காலியா இருக்கலாம். இதை விட்டுட்டா போறது முடி மட்டும் இல்லை, படிக்கிற தெம்பும்தான்.

சாப்பாடு? கடற்கரை மாவட்டத்துல இருந்துகிட்டு புரோட்டீன் பவுடர் தேடலாமா! சூடை மீன், நெத்திலிக் கருவாடு, முட்டை, முருங்கைக்கீரை, கம்பு, பயறு. கீரையோட எலுமிச்சை பிழிஞ்சுக்கோங்க, இரும்புச்சத்து நல்லா ஏறும். சாப்பிட்ட கையோட டீ வேண்டாம், அது இரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. மெஸ் டீயைத் தியாகம் பண்றது ஒண்ணும் பெரிய தியாகம் இல்லையே!

மருந்து இருக்கா, இல்லையா?

பரம்பரை வழுக்கைக்கு நல்லா ஆராயப்பட்ட மருந்துன்னா முக்கியமா ரெண்டு. ரெண்டுமே முடிக்காகப் பொறந்தது இல்லை.

மினாக்சிடில் முதல்ல ரத்த அழுத்த மாத்திரை. முழுங்கினவங்களுக்கு கண்ட இடத்துல ரோமம் முளைக்க, "அட!"ன்னு அதைத் தலையில தடவுற மருந்தாக்கினாங்க. 1988-ல் அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. பலன் தெரிய நாலு முதல் ஆறு மாசம். முதல் சில வாரம் இன்னும் கொஞ்சம் கொட்டும், பயந்து நிறுத்திடுவாங்க. ஆனா ஒண்ணு, எப்போ நிறுத்தினாலும் காப்பாத்தின முடி போயிடும். கல்யாணம் மாதிரி, யோசிச்சு ஆரம்பிக்கணும்.

ஃபினாஸ்டரைடு கதை இன்னும் சுவாரஸ்யம். டொமினிகன் குடியரசுல ஒரு கிராமத்துல சில ஆண்களுக்குப் பிறவியிலேயே டி.எச்.டி. ரொம்பக் கம்மி. அவங்களுக்கு வழுக்கையே விழலை. 1974-ல் இந்த ஆய்வு வெளியாச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டுப் போய் புராஸ்டேட் வீக்கத்துக்கு மருந்து கண்டுபிடிச்சாங்க. 1997-ல் அதே மருந்து சின்ன அளவுல வழுக்கைக்கும் வந்தது. டாக்டர் சீட்டு இல்லாம தொடவே கூடாத மாத்திரை இது. சிலருக்கு ஆண்மை சம்பந்தமான பக்கவிளைவு, மனச்சோர்வு வரும். தற்கொலை எண்ணம் வரலாம்னு 2025-ல் ஐரோப்பிய மருந்து முகமை உறுதிப்படுத்தி எச்சரிச்சிருக்கு. மனசு ஒரு மாதிரி ஆச்சுன்னா உடனே டாக்டர்கிட்ட சொல்லணும். கர்ப்பிணிகள் உடைஞ்ச மாத்திரையைக் கையால தொடக்கூடாது. இதைச் சாப்பிடுறவங்க ரத்ததான முகாம்ல முதல்லயே சொல்லிடுங்க. கடைசி மாத்திரைக்கு அப்புறம் ஒரு மாசம் காத்திருக்கணும்னு அமெரிக்க ரெட் கிராஸ் விதி வெச்சிருக்கு. "சீனியர் சாப்பிடுறார், நானும் சாப்பிடுறேன்"ங்கிற கதை இங்கே வேண்டவே வேண்டாம்.

அப்புறம் பயோட்டின். சத்துக் குறைவு இல்லாதவங்களுக்கு இது முடி வளர்க்கும்னு சரியான ஆதாரம் இல்லை. அதிகமாச் சாப்பிட்டா தைராய்டு டெஸ்ட், மாரடைப்பு டெஸ்ட் ரிசல்ட்டையே தப்பாக் காட்டும்னு 2017-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரிச்சது. ரத்த டெஸ்ட்டுக்குப் போனா லேப்ல சொல்லிடுங்க.

மொட்டை போட்டா அடர்த்தியா வளருமா? 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர்ங்கிற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி மழிச்ச முடியை அளந்து பார்த்து "இல்லை"ன்னுட்டார். முளைக்கும்போது நுனி மொண்ணையா இருக்கிறதால தடிமனாத் தெரியுது, அவ்வளவுதான். நேர்த்திக்கடனுக்குப் போடுங்க, சந்தோஷம். அடர்த்திக்காகப் போடாதீங்க.

"முப்பது நாளில் வழுக்கையில் முடி"ங்கிற விளம்பரத்துக்கு ஒரு தகவல். நம்ம நாட்டு மருந்து விதிகள் 1945-ல் ஜே அட்டவணைன்னு ஒரு பட்டியல் இருக்கு. அந்தப் பட்டியல்ல இருக்கிற நோய்களைக் குணமாக்கும்னு எந்த மருந்தும் உரிமை கொண்டாடக்கூடாது. அதுல வழுக்கையும் உண்டு, புது முடி வளர்றதும் உண்டு!

உயிரை விடப் பெருசு இல்லை

இனிமே வர்றதை விளையாட்டு இல்லாம படிங்க. 2016 மே மாசம், சென்னை. எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவர், வயசு 22. முடி நடுற சிகிச்சைக்குப் போனார். அங்கேயே உடம்பு மோசமாகி, ரெண்டு நாள்ல உயிர் போயிடுச்சு. அந்த இடத்துக்கு சலூன் நடத்துற லைசென்ஸ் மட்டும்தான் இருந்ததுன்னு அப்புறம் தெரிஞ்சது. மருத்துவம் படிச்சவருக்கே இந்த நிலைமை. கான்பூர்ல 2024 நவம்பர், 2025 மார்ச்னு அடுத்தடுத்து ரெண்டு இன்ஜினீயர்கள் இதே சிகிச்சைக்கு அப்புறம் இறந்தாங்க. சிகிச்சை செஞ்சதா வழக்குல சிக்கினவர் ஒரு பல் டாக்டர்.

முடி நடுறது அழகு நிலைய வேலை இல்லை. மணிக்கணக்கா நடக்கிற, மரத்துப் போற ஊசி போட்டுச் செய்யுற ஆபரேஷன். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்ல, யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டு இதைச் செய்யக்கூடாதுன்னே எழுதியிருக்கு. எழுத வேண்டிய நிலைமை வந்திருக்குன்னா யோசிச்சுக்கோங்க! இருபது வயசுல வழுக்கை எங்கே போய் நிக்கும்னே தெரியாது. அதனால நல்ல டாக்டர்களே இந்த வயசுல "கொஞ்சம் பொறு"ன்னுதான் சொல்வாங்க. ஆஃபர் இருக்கு, உடனே வாங்கன்னு எவராவது கூப்பிட்டா, திரும்பிப் பார்க்காம நடையைக் கட்டுங்க.

எங்கே போகலாம்?

தோல் டாக்டர்கிட்ட. முடியும் அவங்க டிபார்ட்மென்ட்தான். ராமநாதபுரத்துல 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துடுச்சு. அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில சீட்டு போட்டுட்டு தோல் சிகிச்சைப் பிரிவுன்னு கேளுங்க. பஸ் காசும் அரை நாள் லீவும்தான் செலவு. ஒரு பாட்டில் எண்ணெயை விடக் கம்மி!

போறதுக்கு முன்னாடி ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கோங்க:

• எப்போ இருந்து கொட்டுது? அதுக்கு மூணு மாசம் முன்னாடி காய்ச்சல், ஆபரேஷன், டயட், எடை குறைவு ஏதாவது?

• வேரோட வருதா, உடையுதா?

• இப்போ சாப்பிடுற மாத்திரை எல்லாம். ஜிம் பவுடர், ஊசி உட்பட. ஸ்டீராய்டு கலந்ததுன்னா வழுக்கையை வேகப்படுத்தும். மறைக்காதீங்க.

• அப்பா, அம்மா ரெண்டு வீட்டுத் தலைகளோட நிலவரம்.

• போன வருஷம் எடுத்த போட்டோ ஒண்ணு. அதே வெளிச்சத்துல, அதே கோணத்துல மாசம் ஒண்ணு எடுத்து வையுங்க. கண்ணாடி பொய் சொல்லும், போட்டோ சொல்லாது.

கடைசியா ஒண்ணு. 'சொட்டை', 'ஏரோட்ரோம்', 'ஹெட்லைட்'னு கிளாஸ்ல பேர் வைக்கிற புண்ணியவான்களே… சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போயிடுவான். பேர் வாங்கினவன் இன்டர்வியூ ஹால்லயும் தொப்பியைத் தேடிக்கிட்டு இருப்பான். போலி மையத்துக்கும் போலி எண்ணெய்க்கும் கஸ்டமர் பிடிச்சுக் கொடுக்கிறது விளம்பரம் மட்டும் இல்லை, நம்ம கிண்டலும்தான். கமிஷன் கூட வராத வேலை. விட்டுடலாமே!

வழுக்கை விழுந்தாலும் ஆள் அதே ஆள்தான். சிகிச்சை எடுத்துக்கிறதும் உங்க இஷ்டம், "போடா"ன்னு ட்ரிம் பண்ணிட்டு ஜம்முனு நடக்கிறதும் உங்க இஷ்டம். எதைப் பண்ணினாலும் காரணம் தெரிஞ்சு பண்ணுங்க. அதுவரைக்கும் பாவம், அந்தத் தண்ணியை விட்டுடுங்க. சோப்பு நுரைக்க விடாத ஒரு குத்தத்துக்கு மட்டும் வேணும்னா திட்டிக்கலாம்.

அடுத்த வாரம், ராத்திரி மூணு மணி வரைக்கும் முழிச்சிருந்துட்டு ஃபர்ஸ்ட் ஹவர்ல குறட்டை விடுற பார்ட்டிகளுக்கு ஒரு ஸ்பெஷல் இருக்கு. தூங்காம படிங்க… ஸாரி, தூங்கி எழுந்து படிங்க!